மெருகேறாத குடம்

இந்த ஆமையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. கைப்பிடிச் சுவர் மேல் வைத்தால் கடற்காற்று தள்ளிவிடும், மேசை நடுவில் வைத்தால் வருகிறவர்கள் காப்பி டம்ளரை அதன் முதுகில் வைத்துவிடுவார்கள், தட்டையாக எதைக் கண்டாலும் டம்ளரை வைக்கிற ஜென்மங்கள். பச்சைப் பீங்கான் ஆமை, உள்ளங்கை அகலம், கழுத்தை நீட்டி யாரிடமோ வழி கேட்கிற மாதிரி நிற்கிறது. மங்கை செய்தது. இந்த மொட்டைமாடியில் வெயிலையும் காற்றையும் தவிர இன்றைக்கு இருப்பதெல்லாம் மங்கை செய்ததுதான், நீல மீன்கள், நண்டுகள், சங்கு போலச் சுருண்ட விளக்குகள், உடைந்த தட்டுத் துண்டுகளை ஒட்டிய சூரியன், எல்லாவற்றையும் கீழே அவள் கொட்டகையிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து காலையிலிருந்து அடுக்குகிறேன், இடுப்பு விட்டுப்போயிற்று. மங்கை என் வீட்டுக்காரரின் தங்கை. மங்கையர்க்கரசி என்று முழுப்பெயர். நாற்பதைத் தொடப்போகிறவளை இன்றைக்குச் சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள். பெண் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. கூசட்டும். முன்நெற்றியில் நரைத்ததை நேற்று நான்தான் மை போட்டு மறைத்தேன், காது மடலில் ஒட்டிய மையை எச்சில் தொட்டுத் துடைத்தும் விட்டேன், அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போது மேல் பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருப்பது தெரியும். அதை வருகிறவன் பார்ப்பான். பார்த்துவிட்டுத்தான் வருகிறான், பல்லையும் பார்த்தான், மீனையும் பார்த்தான், பார்த்தும் வருகிறான். ஆமையைச் சுவரோரம் வைத்து அதன் காலுக்கு அடியில் கொஞ்சம் களிமண்ணை அழுத்தினேன். நின்றது.

டங். டங். டங். கீழே மாமனார் ஆரம்பித்துவிட்டார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, வாயும் போய்விட்டது, இடது கை மட்டும் யமன் மறந்து விட்டுப்போனதாக மிச்சம் இருக்கிறது, அந்தக் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தண்ணீர். விடாமல் தட்டினால் நனைந்துவிட்டது என்று அர்த்தம். "வந்துட்டேன்பா" என்று மங்கையின் குரல் கேட்கிறது, அதோ ஓடுகிறாள், பெண் பார்க்க வருகிற அன்றைக்கும் ஓடுகிறாள், தட்டல் நின்றுவிட்டது. ஈரத்துணியை உருவுகிறாள், ஒரு பக்கமாகப் புரட்டுகிறாள், வெந்நீரில் துண்டைப் பிழிகிறாள், பவுடர் போடுகிறாள், எல்லாம் இங்கே நின்றே எனக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவள் இந்த வீட்டை விட்டுப் போன மறுநாள் காலையிலிருந்து அதையெல்லாம் செய்யப்போகிறவள் நான். சுற்றி வளைத்துப் பேசி என்ன ஆகப்போகிறது? அவள் போனால் அந்த மனிதர் என் தலையில். ஆள் வைத்தும் பார்த்தோம், முதலில் வந்தவளைக் கடித்துவிட்டார், இரண்டாவதாக வந்தவள் முகத்தில் கஞ்சியைத் துப்பினார், அப்புறம் இந்தப் பக்கத்து ஏஜென்சிக்காரர்கள் எங்கள் பெயரைச் சொன்னாலே போனை வைத்துவிடுகிறார்கள். மகளிடம் மட்டும் ஆட்டுக்குட்டி. பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர் திருஞானம், அந்த அறை வாசல் வரைக்கும் போவார், "எப்படிப்பா இருக்க" என்று அங்கிருந்தே கேட்பார், மூக்கைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். பெற்ற பிள்ளைக்கே அருவருப்பு, மருமகளுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்த உடம்பைப் பார்க்க மாட்டேன். கல்யாணமாகி வந்த புதிதில், "தோஷக்காரி கையால ஆக்கினதைச் சாப்பிடணும்னு நம்ம தலையெழுத்து" என்று இதே மனிதர் இலையில் உட்கார்ந்து சொன்னார், அப்போது வாய் இருந்தது, நன்றாகவே வேலை செய்தது. அந்த உடம்பை நான் கழுவ வேண்டுமா? மாட்டேன்.

மீன்களைத் தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட வேண்டும். கம்பி கட்டினால் உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் துரு பிடித்து அறுந்துவிடும் என்று மங்கை சொல்லியிருக்கிறாள், நரம்பு என்றால் நிற்கும், கீழே குப்பத்தில் வாங்கிவந்தது, கையை அறுக்கிறது. இந்த மீனால்தான் எல்லாம் வந்தது. கடலூரில் கைவினைப் பொருள் கண்காட்சி, மங்கை ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள், நானும் துணைக்குப் போயிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தார், மருந்துக்கடை வைத்திருக்கிறாராம், சபாநாயகம் என்று பெயர், ஒரு நீல மீனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வந்து அதே மீனைக் கேட்டார். "நேத்திக்குதானே வாங்குனீங்க?" என்று இவள் கேட்டாள். "அது ஒண்டியா இருக்குங்க, அலமாரியில வச்சா பாக்க என்னவோ மாதிரி இருக்கு, அதான் ஜோடிக்கு ஒண்ணு" என்றார் அவர். நாற்பத்தைந்து வயசு ஆள், காது வரைக்கும் சிவந்துபோய். இவள் மீனைக் காகிதத்தில் சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள், ஒரு மீனுக்கு அரைப் பேப்பர் தீர்ந்துபோயிற்று. யாராவது என்னிடம் அப்படி வந்து நின்றதுண்டா? திருஞானம் என்னைப் பார்க்க வந்தபோது பஜ்ஜி எண்ணெயாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். சபாநாயகத்துக்கு மனைவி தவறி மூன்று வருஷம் ஆகிறது, குழந்தை இல்லை. "அவரே எல்லாம் செஞ்சாராம் அண்ணி, கொள்ளி வைக்கக்கூட வேற ஆள் இல்லையாம், சொல்றப்ப கண்ணு கலங்கிடுச்சு" என்று ஒருநாள் துணி உலர்த்தும்போது மங்கை சொன்னாள். போனில் பேசுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, அவர் பெண்டாட்டிக்காக இவள் அழுகிறாள், என்ன கூத்து. ஏழாவது மீனைக் கட்டினேன், முடிச்சு நழுவி அது கீழே விழுந்து வால் உடைந்தது. உடைந்ததைச் சுவருக்கு வெளியே எறிந்தேன். மணலில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

கீழே உட்கார வைக்க முடியாது, அதனால்தான் மொட்டைமாடி. கூடத்தை ஒட்டித்தான் மாமனார் அறை, டெட்டாலும் மூத்திரமும் சேர்ந்த வாடை திரைச்சீலையில் ஊறிப்போயிருக்கிறது. "மேல உக்கார வச்சுடலாம் அண்ணே, காத்தும் வரும்" என்று மங்கை தயங்கித் தயங்கிச் சொன்னபோது நான்தான் முந்திக்கொண்டு, "உன் சாமானை எல்லாம் மேல வச்சு அலங்காரம் பண்ணிடறேன், வர்றவங்க பாத்து அசந்து போகட்டும்" என்றேன். திருஞானம் சாப்பாட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சொரசொரவென்று இருக்கும், மண்ணும் சுண்ணாம்பும் தின்ற விரல்கள், நகத்தைச் சுற்றி எப்போதும் வெடிப்பு. அந்தக் கையை இன்றைக்கு எங்கே ஒளிப்பாள் என்று அப்போதும் நினைத்தேன். நல்ல யோசனை ஒன்று மனதில் வந்தால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கெட்ட யோசனை ஒன்று வருகிறது எனக்கு, பிறவிக் குணமா, இந்த வீடு கொடுத்த சீரா தெரியவில்லை. அதற்கு முந்தின வாரமே கொட்டகையில் அந்தக் குடத்தைப் பார்த்திருந்தேன். பார்த்திருந்தேன், ஆனால் அதற்காகத்தான் அலங்காரம் பண்ணுகிறேன் என்று சொன்னேனா? அப்போது அதை நினைத்தேனா? தெரியாது. வாயிலிருந்து வார்த்தை முதலில் வந்தது, குடம் அப்புறம் வந்தது. இல்லை, குடம்தான் முதலில். எது முதலில் வந்தால் என்ன, இதோ நிற்கிறது, படி ஏறி வருகிறவர்கள் தலையைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், கறுப்புக் கடப்பைக் கல் மேல், அகலமான நீலத் தட்டுக்கு நடுவில்.

அதன் கதை இதுதான். மங்கைக்கு ஒரு நீரூற்று செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மீன் தொட்டிக்கு வைக்கிற சின்ன மோட்டாரைத் தட்டில் மறைத்து, குழாயைக் குடத்துக்குள் விட்டு, குடத்தின் வயிற்றில் துளை போட்டால் தண்ணீர் அந்தத் துளை வழியாக விழுந்து மறுபடியும் ஏறும். துளை எத்தனை போடுவது என்று பல நாள் யோசித்தாளாம், கடைசியில் ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று போட்டாள். மூன்று! நீலமும் பச்சையும் கலந்த மெருகு பூசிச் சூளையில் வைத்தாள். அந்தச் சூளை திறந்தபோது மற்றதெல்லாம் பளபளவென்று வந்தது, குடம் மட்டும் மெருகு பிடிக்காமல் அப்படியே செங்கல் நிறத்தில், சந்தையில் விற்கிற மண்குடம் மாதிரி வந்து நின்றது. அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று, மூலையில் தள்ளிவிட்டாள். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது எனக்கு முதுகுத்தண்டில் தண்ணீர் இறங்கியது, நிஜமாகவே இறங்கியது, ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இந்த வீட்டில் பிறந்த பெண்கள் யாரும் சுடுகாட்டுக்குப் போனதில்லை, எங்கள் பக்கத்துப் பெண்களே போவதில்லை, தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள், அங்கே என்ன நடக்கிறது என்று ஆம்பிளைகள் வந்து சொல்வதும் இல்லை, சினிமாவில் காட்டினாலும் துளையை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? அதனால்தான் மங்கை ஆசை ஆசையாக உட்கார்ந்து ஒரு கொள்ளிக்குடத்தைச் செய்து வைத்திருக்கிறாள், தெரியாமல். காலையில் இதை நான் தூக்கிவந்து நடுவில் வைத்ததைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு அண்ணி, பூச்சு பிடிக்காம வீணாப் போனது" என்றாள். "உனக்கு என்ன தெரியும், இதுதான் இருக்கறதுலயே அழகு, மண்ணு மண்ணாத் தெரியுது பாரு" என்றேன். அவள் குடத்தைத் தள்ளி நின்று பார்த்தாள், கிட்ட வந்து பார்த்தாள், "ஆமா அண்ணி, நீங்க சொன்னதுக்கு அப்புறம் அழகாத்தான் தெரியுது" என்றாள். குழாயையும் அவளே பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் தூக்கியிருக்கிறேன். பதினாலு வயசில். அப்பாவுக்கு நான் ஒரே பெண், சித்தப்பா இரண்டு பேரும் வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், பிணத்தைக் கிடத்தி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை கெஞ்சியும் வரவில்லை. கடைசியில் யாரோ, "அப்ப அந்தப் பொண்ணே செய்யட்டும்" என்றார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், ஈரப் பாவாடை தாவணியோடு நடத்திக் கூட்டிப்போனார்கள், இடது தோளில் தண்ணீர் நிரப்பிய குடத்தை ஏற்றினார்கள். முதல் சுற்று முடிந்ததும் பின்னால் வந்த ஆள் கத்தி முனையால் குடத்தில் ஒரு கொத்து கொத்தினான். தண்ணீர் பீறிட்டு என் முதுகில் இறங்கியது, மார்கழிக் குளிர், நான் வீல் என்று கத்தினேன், யாரோ "உஸ்" என்றார்கள். இரண்டாவது சுற்று, அதற்குக் கீழே இன்னொன்று. மூன்றாவது. ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று. அப்புறம் குடத்தைப் பின்னாலேயே போட்டு உடைக்கச் சொன்னார்கள், "போட்டுட்டு நட, திரும்பிப் பாக்காத" என்றார்கள். நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்தாலும் யாராவது ஒருத்தர் போய்க் காதில் ஓதிவிடுவார்கள், கொள்ளி வைத்த பெண், திரும்பிப் பார்த்த பெண் என்று, வந்தவர்கள் டிபனைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவார்கள். எழுந்து போகிற முதுகுகள் எனக்கு நன்றாகத் தெரியும். என்ன காரணம் என்று எனக்கு முதலில் தெரியாது, மூக்கு சரியில்லையோ, நிறமோ, நடையோ என்று கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பேன். கடைசியில் ஒரு காலில் லேசாக நொண்டுகிற திருஞானம் வந்தார், பஜ்ஜி எண்ணெயாக இருக்கிறது என்றார், முடிந்தது. இன்றைக்கும் சண்டை என்றால், "கொள்ளிக்குடம் தூக்குன தோள்தானே, திமிர் இருக்கத்தான் செய்யும்" என்பார். மங்கையும் இன்றைக்கு அப்படித்தான் கண்ணாடி முன்னால் நிற்பாள். நிற்கட்டுமே. பல்லா, விரலா, வயசா என்று தேடட்டுமே. நான் தேடவில்லையா?

சபாநாயகம் படியேறி வருவார், கூட அவருடைய அண்ணன், அக்கா. ஆம்பிளைகள் இரண்டு பேரும் பார்ப்பார்கள். செங்கல் நிறக் குடம், மூன்று துளை, தண்ணீர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டிக்காக அதைத் தோளில் தூக்கிய மனிதர் அதைப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அபசகுனம் என்ற சொல்லைச் சொல்வதே அபசகுனம். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். சொல்லி அனுப்ப மாட்டார்கள். குடத்தை வைத்த என்னை யாரும் கேட்க மாட்டார்கள், செய்தவள் அவள், நான் எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். சுத்தமான காரியம், கையில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது. அப்புறம் எல்லாம் வழக்கம்போல, டங் டங் என்றால் வந்துட்டேன்பா, மத்தியானம் நானும் அவளும் சாப்பிட்டுவிட்டு இந்த மாடிப்படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுவோம், அவள் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். ஆமாம், அதுவும்தான். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் பேசுகிற வாய் எது இருக்கிறது? ஒன்று போய்விட்டது, இன்னொன்று குத்துவதற்கு மட்டும் திறக்கிறது. ஒருமுறை என் வீட்டுக்காரர் தோள் திமிர் என்று குத்திவிட்டு வெளியே போன பிறகு, மங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் இடது தோளில் கை வைத்து, "ரொம்பக் கனமா இருந்துச்சா அண்ணி?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அப்படிக் கேட்ட ஒரே மனுஷி. "தண்ணிதானே, என்ன கனம்" என்று சொல்லிவிட்டேன். துளையைப் பற்றிச் சொல்லவில்லை. முதுகில் இறங்கிய குளிரைச் சொல்லியிருக்கலாம், கொத்தினதைச் சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் அவள் மூன்று துளை போட்டிருக்க மாட்டாள். அவள் கேட்கத் தயாராகத்தான் இருந்தாள், என் வாய்தான் வரவில்லை. அந்தச் சொரசொரப்பான கை ரொம்ப நேரம் என் தோளிலேயே இருந்தது.

எடுத்துவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது. குடத்தைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு, தட்டில் தண்ணீர் ஊற்றி நாலு செம்பருத்தியைப் போட்டால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை, எனக்கே நாளைக்கு மறந்துவிடும். எடுத்துவிட்டால் அவள் போய்விடுவாள். போகட்டும். போனால் அந்த உடம்பு. டம்ளர். பவுடர் வாசனையில் மறையாத அந்த வாசனை. ராத்திரியில் ஒரு பக்கம் அவர் குறட்டை, இன்னொரு பக்கம் டங் டங், நடுவில் நான். செத்துவிடுவேன். சாக மாட்டேன், அதுதான் பயம், மாமனார் இன்னும் பத்து வருஷம் இருப்பார் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், இதயம் இரும்பாம். குனிந்து மோட்டாரின் வயரைப் பார்த்தேன், சுவிட்சு போடவில்லை, தண்ணீர் இன்னும் குடத்துக்கு ஏறவில்லை, துளைகள் மூன்றும் காய்ந்துபோய் என்னைப் பார்க்கின்றன. கீழிருந்து மங்கை, "அண்ணி, பச்சைப் புடவையா, மாம்பழக் கலரா?" என்று கத்துகிறாள். "மாம்பழம்!" என்று கத்தினேன். நிஜமாகவே அதுதான் அவளுக்கு எடுப்பு. பொய் சொல்லியிருக்கலாம், பச்சை கட்டினால் இன்னும் கறுத்துத் தெரிவாள், அதைச் சொல்ல வரவில்லை பார். "நீங்க சொன்னா சரி" என்கிறாள். எதற்கெடுத்தாலும் நீங்க சொன்னா சரி. இவளை என்ன செய்வது? எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, உப்புக்காற்று என்று துடைத்துக்கொண்டேன், உப்புக்காற்று இல்லை. எடுத்துவிடுகிறேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குடத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன், சூடாக இருந்தது, வெயில் வாங்கிய மண். குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தூக்குகிற தோதுக்கு என்னை அறியாமலே இடது தோள் பக்கமாகச் சாய்த்தேன்.

"என்ன பண்ற?" திருஞானம். படியேறி வந்த நொண்டல் சத்தம் காற்றில் கேட்கவில்லை. கார் வந்துவிட்டதாம், வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்களாம், மாடி தயாரா என்று பார்க்க அவர் முன்னால் வந்திருக்கிறார். குடத்தைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நின்றேன். அவர் என் தோளைப் பார்த்தார், அப்புறம் குடத்தைப் பார்த்தார். கண் மேலேயிருந்து கீழே இறங்கியது, முதல் துளை, இரண்டாவது, மூன்றாவது. அவருடைய அம்மாவுக்கு அவர்தான் செய்தார், அவருக்கா தெரியாது? நான் யார், எதைத் தூக்கினவள், எனக்கு என்ன தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும், ஆயிரம் தடவை சொல்லிக் காட்டியவர் ஆயிற்றே. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடிக்கட்டும், இரண்டு அறை விட்டுக் குடத்தைப் பிடுங்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசட்டும், தங்கை மேல் பாசமில்லாதவரா, அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடல் இழுத்துக்கொண்டு போனவளை இவர்தான் குதித்துத் தூக்கிவந்தார், அதில்தானே பாறையில் மோதிக் கால் போனது. வீசுங்கள், வீசித் தொலையுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அப்போது கீழே டங் என்றது. டங், டங், டங். நிற்கவில்லை. அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். விடாமல் தட்டினால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். "வந்துட்டேன்பா" என்று பட்டுப்புடவையின் சரசரப்போடு மங்கை ஓடுவதும் கேட்டது. தட்டல் நின்றது. அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வை" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். புரிந்தது. வைத்தேன். "அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். படியேறுறப்ப கண்ணுல படணும்ல" என்றார், சத்தமே இல்லாமல், கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர் மாதிரி. கடப்பைக் கல்லின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன், நகர்த்தினோம். நான் பிடுங்கிப் போட்ட குழாயை அவரே எடுத்து உள்ளே விட்டார். குனிய முடியாத காலோடு குனிந்து சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, தண்ணீர் ஏறுவது உள்ளே கேட்டது, முதலில் கீழ்த்துளையில் கசிந்தது, அப்புறம் நடுவில், அப்புறம் மேலே, மூன்றும் சேர்ந்து விழ ஆரம்பித்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் இந்த மனிதரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தது இதுதான் முதல். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை, ஒரு மாதிரி நன்றிகூட இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லக் கூடாது, ஆனால் இருந்தது. நான் போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றேன், ஆமைக்குப் பக்கத்தில்.

முதலில் மங்கைதான் மேலே வந்தாள். வெந்நீர்த் துணியைப் பிழிந்த ஈரக் கையை மாம்பழக் கலர் புடவையின் உள்புறத்தில் துடைத்துக்கொண்டே வந்திருப்பாள், எனக்குத் தெரியும். வரச் சொல்லிக் கீழே நின்ற சபாநாயகம் வீட்டாரைக் கூப்பிட்டாள், படியில் வெறுங்கால்கள் ஏறுகிற சத்தம். "அய்யோ, தண்ணி வருது! அண்ணே, பாத்தியா, நல்லா இருக்கா?" என்று சின்னப் பெண்போலக் கேட்டாள். "நல்லா இருக்கும்மா" என்றார் அவர். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. "எல்லாம் அண்ணி யோசனை, நான் இதைத் தூக்கிப் போட இருந்தேன்." காற்று மீன்களை ஒன்றோடொன்று மோதவிட்டது, பீங்கான் சத்தம் கிணுகிணுவென்று மாடி முழுக்கக் கேட்டது, அதற்குக் கீழே தண்ணீர் விழுகிற சத்தம். "அண்ணி, அங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, இந்தப் பக்கம் திரும்புங்க, உங்க குடத்தை வந்து பாருங்க." படியேறி வந்த காலடிகள் கடைசிப் படியில் நின்றுவிட்டன. ஒரு மூச்சு உள்ளே போனது, யாருடையது என்று தெரியவில்லை. "வாங்க வாங்க, ஏன் அங்கயே நின்னுட்டீங்க?" என்று மங்கை கேட்கிறாள். மறுபடியும் கேட்கிறாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.